இஃப் எப்போது முடிவெடுக்கிறது? – அசெம்பிளி மொழி கேள்வி பதில்

இந்த முறை நிபந்தனை அசெம்பிளி (ஒரு நிபந்தனையைப் பார்த்து நிரலின் ஒரு பகுதியைச் சேர்ப்பது அல்லது விடுவது) பற்றி வந்த கேள்விகளை மட்டும் எடுத்துக்கொண்டோம். டைரக்டிவ்களின் (நிரலை இயந்திரக் குறிமுறையாக மாற்றும் அசெம்பிளருக்கு நாம் இடும் கட்டளைகளின்) பெயர்களைத் தமிழ் ஒலிப்பில் அச்சிட்டிருக்கிறோம். நிரலில் வழக்கம்போல ஆங்கில எழுத்தில் அடித்துக்கொள்ளுங்கள். பெயருக்கு முன்னால் நிற்கும் புள்ளி, டாலர், சதவீதக் குறி, ஹேஷ் ஆகியவற்றைக் கூர்ந்து பாருங்கள். வந்த கேள்விகளில் பாதி அந்த ஒற்றைக் குறியால் விளைந்தவைதாம்.

கேள்வி: 8086 ஆய்வகத்தில் மாஸ்ம் (மைக்ரோசாஃப்ட் அசெம்பிளர்) பயன்படுத்துகிறோம். ஏஎக்ஸ் ரெஜிஸ்டரில் 5 இருக்கிறதா என்று இஃப் போட்டுச் சோதித்தால், மாறிலி வேண்டும் என்று பிழை வருகிறது. நண்பன் அதே வரியை முன்னால் ஒரு புள்ளி வைத்து எழுதினான்; ஓடிவிட்டது. புள்ளிக்கு அவ்வளவு மதிப்பா?
– பொறியியல் மாணவர், திருச்சி

ஆம். இரண்டும் வேறு வேறு டைரக்டிவ்கள். புள்ளி இல்லாத இஃப், அசெம்பிளருக்குச் சொல்லும் சேதி: "இந்த நிபந்தனை உண்மையானால் கீழே உள்ள வரிகளை எடுத்துக்கொள், இல்லையென்றால் அவை இல்லாததுபோல் கடந்து போ." அசெம்பிளர் வேலை செய்யும் நேரத்தில் ஏஎக்ஸில் மதிப்பு ஏது? புரோகிராம் இன்னும் ஓடவே தொடங்கவில்லை. அதனால்தான் மாறிலி கேட்கிறது.

புள்ளி இஃப், மாஸ்ம் 6.0 முதல் வந்த வசதி. அது எதையும் அந்த நேரத்தில் முடிவு செய்வதில்லை. உங்களுக்குப் பதிலாக ஒப்பிடும் சிஎம்பி கட்டளை ஒன்றையும் ஒரு தாவல் கட்டளையையும் எழுதித் தருகிறது. ஏஎக்ஸை 5 உடன் ஒப்பிடும் உங்கள் வரிக்கு சிஎம்பி 3 பைட், ஜேஎன்இ 2 பைட், ஆக 5 பைட் இயந்திரக் குறிமுறையில் சேரும். புள்ளி இல்லாத இஃப் தன் பங்குக்கு ஒரு பைட்கூடச் சேர்க்காது.

அடையாளம் காண எளிய வழி ஒன்று உண்டு. புள்ளி இல்லாத இஃப்பில் ஒப்பீட்டுக்கு ஈக்யூ (EQ), என்ஈ (NE), ஜிடி (GT), எல்டி (LT) என்ற எழுத்துச் சொற்கள் வரும். புள்ளி இஃப்பில் சி மொழியைப்போல இரட்டைச் சமக்குறி வரும். சந்தேகம் வந்தால் லிஸ்டிங் ஃபைலை (ஒவ்வொரு வரியின் முகவரியும் குறிமுறையும் அச்சாகும் ஃபைல்) திறந்து, அந்த வரிக்குப் பிறகு முகவரி நகர்ந்திருக்கிறதா என்று பாருங்கள்.

கேள்வி: 8051 வகை சிப்பில் ஒரே புரோகிராம் இரண்டு பலகைகளில் ஓட வேண்டும். ஒன்றில் 89எஸ்51 சிப், 11.0592 மெகாஹெர்ட்ஸ் கிரிஸ்டல். மற்றதில் 89எஸ்52, 12 மெகாஹெர்ட்ஸ். இப்போது இரண்டு தனி ஃபைல்களாக வைத்து மாறி மாறித் திருத்துகிறேன். ஒன்றாக்குவது எப்படி? கைல் நிறுவனத்தின் ஏ51 அசெம்பிளர் வைத்திருக்கிறேன்.
– மின்னணுப் பழுதுபார்ப்பவர், ஈரோடு

நிபந்தனை அசெம்பிளி இருப்பதே இந்த வேலைக்குத்தான். கொஞ்சம் விரிவாகவே பார்ப்போம்.

முதலில் ஏ51-இன் ஒரு தனிக் குணம். அதில் டாலர் போட்ட இஃப் ஒன்று, டாலர் போடாத இஃப் ஒன்று என இரண்டு உண்டு. டாலர் இஃப்புக்கு, செட், ரீசெட் என்ற கட்டுப்பாடுகளால் வைத்த பெயர்கள் மட்டுமே தெரியும். டாலர் இல்லாத இஃப்புக்கு, பெயருக்கு மதிப்பு வைக்கும் ஈக்யூ (EQU; மேலே சொன்ன ஒப்பீட்டுச் சொல் அல்ல) போன்றவற்றால் வைத்த பெயர்கள் எல்லாம் தெரியும். செட் வைத்தவை தெரியாது. கைலின் மைக்ரோவிஷன் மென்பொருளில், திட்ட அமைப்பின் ஏ51 டேபில் உள்ள "செட்" பெட்டியில் நீங்கள் எழுதும் பெயர் முதல் வகை. அதை டாலர் இல்லாத இஃப்பில் சோதித்தால் பெயர் வரையறுக்கப்படவில்லை என்று பிழை வரும். பலர் இங்கேதான் கைவிட்டுவிடுகிறார்கள்.

இரண்டு உலகத்துக்கும் நடுவே ஒரே ஒரு பாலம் கட்டுங்கள். ஃபைலின் உச்சியில் இப்படி (பலகை2 என்பது 89எஸ்52 பலகைக்காக அந்த "செட்" பெட்டியில் எழுதும் பெயர்):

$இஃப் (பலகை2)
ரேட் ஈக்யூ 31250
மில்லி ஈக்யூ 1000
ஸ்டாக் ஈக்யூ 127
$எல்ஸ்
ரேட் ஈக்யூ 28800
மில்லி ஈக்யூ 922
ஸ்டாக் ஈக்யூ 47
$எண்டிஃப்

டாலர் குறி வரியின் முதல் இடத்திலேயே நிற்கட்டும். இதற்குக் கீழே நிரல் முழுவதும் ரேட், மில்லி, ஸ்டாக் என்ற பெயர்கள் மட்டுமே வர வேண்டும். "பலகை2" என்ற சொல் வேறெங்கும் தலைகாட்டக் கூடாது. நிரலின் இருபது இடங்களில் சிப் பெயரைச் சோதிப்பவர், மூன்றாவது பலகை வரும் நாளில் இருபது இடங்களையும் தேட வேண்டியிருக்கும்.

இனி எண்களின் கணக்கு. ரேட், கணினியோடு எழுத்துகளைப் பரிமாறும் சீரியல் இணைப்பின் வேகத்துக்கு (பாட் ரேட், விநாடிக்கு இத்தனை பிட்) உரியது; அந்த வேகத்தை டைமர் 1 தருகிறது. கிரிஸ்டல் அதிர்வெண்ணை 384-ஆல் வகுத்தால் (12 கடிகாரத் துடிப்பு, 32 பங்கு) ரேட் கிடைக்கும்: 11.0592 மெகாஹெர்ட்ஸுக்கு 28800, 12 மெகாஹெர்ட்ஸுக்கு 31250. டைமர் 1-இன் மறுநிரப்பு மதிப்பு, 256-இலிருந்து ரேட்டை பாட் ரேட்டால் வகுத்த ஈவைக் கழித்தது. 28800-ஐ 9600-ஆல் வகுத்தால் மீதியின்றி 3, ஆக 253. கிரிஸ்டலின் முழு அதிர்வெண்ணைக் கொடுத்து அசெம்பிளரையே 384-ஆல் வகுக்கச் சொல்லாதீர்கள். ஏ51-இன் கணக்கு 16 பிட்டில் நடக்கிறது. 65535-க்கு மேல் எண் நிற்காது. 28800, 31250 இரண்டும் அதற்குள் அடங்கும். அதனால்தான் வகுத்த பிறகு வரும் எண்ணையே எழுதச் சொன்னோம்.

12 மெகாஹெர்ட்ஸ் பலகையில் 9600 கேட்டால் 31250-ஐ வகுத்து 3 ஈவு, 2450 மீதி. உண்மையில் வெளியே போகும் வேகம் 10417, பிழை 8.5 சதவீதம். கணினித் திரையில் குப்பை எழுத்துகள்தான் வரும். அதே பலகையில் 2400 வைத்தால் ஈவு 13, மீதி 50. மறுநிரப்பு 243, பிழை 0.16 சதவீதம். அருமையாக ஓடும். வேகத்தை இரட்டிக்கும் எஸ்மாட் பிட்டை 1 ஆக்கி ரேட்டை 62500 என இரட்டித்தால் 4800-உம் அதே 243-இல் கிடைக்கும்.

இந்த அறிவை உங்கள் நினைவில் வைப்பதைவிட நிரலிலேயே வைத்துவிடுங்கள். ரேட்டை பாட் ரேட்டால் வகுத்த மீதி, ரேட்டின் ஐம்பதில் ஒரு பங்கைவிடப் பெரிதானால் எரர் டைரக்டிவ் மூலம் அசெம்பிளியை நிறுத்துங்கள். ஏ51-இல் அது எரர் என்ற சொல்லுக்கு முன்னும் பின்னும் இரண்டிரண்டு அடிக்கோடு போட்டது. பக்கத்தில் மேற்கோளுக்குள் சேதி. 31250-க்கு எல்லை 625. 2450 அதைத் தாண்டும், 50 தாண்டாது. இங்கே டாலர் இல்லாத இஃப், ஏனென்றால் சோதிப்பது ஈக்யூ பெயர்களை. ஒப்பீட்டைத் திருப்பிப்போட்டு மீதியை 50-ஆல் பெருக்கிவிடாதீர்கள். 16 பிட்டைத் தாண்டிச் சுற்றிவிடும். மீதி பாட் ரேட்டை ஒட்டிப் பெரிதாக வந்தால் ஈவுடன் ஒன்றைக் கூட்டினால் பிழை குறையும் என்பதையும் குறித்துக்கொள்ளுங்கள்.

"மில்லி" என்பது ஒரு மில்லி விநாடிக்கான இயந்திரச் சுழற்சிகள்: 12 மெகாஹெர்ட்ஸில் சரியாக 1000, 11.0592-இல் 921.6, அதை 922 ஆக்கினோம். 16 பிட் டைமருக்கு 65536-இலிருந்து இதைக் கழிக்க வேண்டும். அந்த 65536-ஏ 16 பிட்டில் நிற்காது என்பதால் 0-இலிருந்து கழியுங்கள், விடை ஒன்றேதான்.

ஸ்டாக் (திரும்பும் முகவரிகளைச் சேமிக்கும் இடம்) விஷயம் சிப்பைப் பொறுத்தது. 89எஸ்52-இல் 256 பைட் உள் ராம். மேல் பாதியை மறைமுகமாக மட்டுமே தொட முடியும். ஸ்டாக் எப்போதும் மறைமுகமாகத்தான் தொடுகிறது என்பதால் அதை அங்கே குடியேற்றலாம். ஸ்டாக் பாயிண்டரை 127-இல் வைத்தால் முதல் புஷ் 128-இல் விழும். 89எஸ்51-இல் 128-ஆம் முகவரியிலிருந்து மேலே ராம் கிடையாது. அங்கே இதே மதிப்பை வைத்தால் முதல் துணைநிரலிலிருந்தே திரும்பும் முகவரி தொலைந்து, சிப் கண்ட இடத்துக்குத் தாவும். 47 வைத்தால் பிட் முகவரிப் பகுதி முடிந்த கையோடு 48-இல் ஸ்டாக் தொடங்கும். உங்கள் மாறிகள் 48-க்கு மேல் இருந்தால் அவற்றைத் தாண்டி வையுங்கள்.

கேள்வி: டீபக் (பிழை தேடும் வரிகளைச் சேர்க்க நான் வைத்த பெயர்) என்பதை 1 ஆக்கினால் மட்டும், தாவும் இடம் எல்லைக்கு வெளியே என்று பிழை வருகிறது. 0 ஆக்கினால் சுத்தமாக அசெம்பிள் ஆகிறது. பிழை காட்டும் வரியை நான் தொடவே இல்லை.
– மாணவி, நாகர்கோவில்

தொடாத வரியில்தான் இந்தப் பிழை வரும். 8051-இல் ஜேஇசட், டிஜேஎன்இசட், எஸ்ஜம்ப் போன்றவை பின்னால் 128, முன்னால் 127 பைட்டுக்குள் மட்டுமே தாவும். ஒரு எழுத்தை அனுப்பும் உங்கள் டீபக் மேக்ரோவை எண்ணிப் பாருங்கள்: புஷ் 2, மூவ் 2, எல்கால் 3, பாப் 2, மொத்தம் 9 பைட். தாவலுக்கும் அதன் இலக்குக்கும் நடுவே 15 முறை அழைத்தால் 135 பைட். எல்லை அங்கேயே போய்விட்டது.

நிபந்தனையைத் தலைகீழாக்குவதே மருந்து. ஜேஇசட்டை ஜேஎன்இசட் ஆக்கி, அடுத்த வரியில் எல்ஜம்ப் போட்டு, அதற்கும் அடுத்த வரியில் ஜேஎன்இசட்டின் இலக்கு லேபிளை வையுங்கள். 2 பைட் செலவான இடத்தில் 5 பைட் ஆகும். இதை டீபக் நிலையில் மட்டும் செய்யும்படி இன்னொரு இஃப்புக்குள் போடத் தோன்றும். வேண்டாம். நிரந்தரமாகவே நீண்ட தாவலை வைத்துவிடுங்கள். 3 பைட் மிச்சம் பிடிக்கப் போய், சோதித்த நிரலும் கையில் கொடுக்கும் நிரலும் வேறு வேறு பாதையில் ஓடும் நிலை வந்துவிடக் கூடாது.

நேரத்தையும் சொல்லிவிட வேண்டும். 9600 வேகத்தில் ஒரு எழுத்து 10 பிட், ஏறக்குறைய 1.04 மில்லி விநாடி. காத்திருந்து அனுப்பும் மேக்ரோ, நேரக் கணக்குள்ள சுழலுக்குள் நின்றால் அந்தச் சுழலே வேறாகிவிடும். டீபக் போட்டால் மறைந்து, எடுத்தால் திரும்பி வரும் கோளாறு என்றால் முதலில் இதைச் சந்தேகியுங்கள். அத்தகைய இடத்தில் எழுத்து அனுப்பாமல், ஒரு போர்ட் பின்னை மட்டும் செட் பிட்டால் உயர்த்திக் காட்டுங்கள்: 2 பைட், ஒரே சுழற்சி. டீபக் இல்லாதபோது அந்த இடத்தில் ஒரு நாப் (எதுவும் செய்யாத கட்டளை) வைத்தால் நேரமும் மாறாது.

கேள்வி: டீபக் ஈக்யூ 0 என்று தெளிவாக எழுதியிருக்கிறேன். இஃப்டெஃப் டீபக் என்ற பகுதி இருந்தும் நிரலில் சேர்கிறது!
– மதுரை

இஃப்டெஃப் பெயர் உண்டா என்று மட்டும் பார்க்கும், மதிப்பைப் பார்க்காது. 0 என்று வரையறுத்ததும் வரையறுத்ததே. மதிப்பைச் சோதிக்க இஃப் போடுங்கள், அல்லது அந்த வரியையே நீக்குங்கள். ஒரு திட்டத்துக்குள் இரண்டு வழக்கத்தையும் கலக்காமல் ஒன்றைப் பிடித்துக்கொள்வது நல்லது. நாங்கள் 0 அல்லது 1 என மதிப்பு வைக்கும் வழியையே விரும்புகிறோம்: பெயரைத் தவறாக அடித்தால் பெரும்பாலான அசெம்பிளர்கள் இஃப்பில் பிழை காட்டும், இஃப்டெஃப்பில் மௌனமாகத் தாண்டிப் போய்விடும்.

நாஸ்ம் (இன்னொரு எக்ஸ்86 அசெம்பிளர்) பயன்படுத்துவோருக்கு ஒரு கூடுதல் சேதி. அதன் %இஃப்டெஃப், %டிஃபைன் போன்றவை மூலமோ கட்டளை வரியில் மைனஸ் டி மூலமோ வைத்த பெயர்களை மட்டுமே அறியும். ஈக்யூ பெயரோ லேபிளோ அதன் கண்ணுக்குப் படாது. எத்தனை முறை வரையறுத்தாலும் "இல்லை" என்றே சொல்லும்.

கேள்வி: ராஸ்பெர்ரி பையில் குனு அசெம்பிளர். #இஃப், #எல்ஸ் போட்ட இரண்டு பகுதிகளுமே நிரலில் சேர்ந்துவிடுகின்றன. பிழைச் சேதி எதுவும் இல்லை.
– கோயம்புத்தூர்

ஃபைல் பெயரின் கடைசி எழுத்தைப் பாருங்கள். சின்ன எஸ் என்றால் ஜிசிசி அதை நேராக அசெம்பிளரிடம் தருகிறது. பெரிய எஸ் என்றால் முதலில் சி முன்செயலி (அசெம்பிளருக்கு முன்பே ஹேஷ் வரிகளைச் செயல்படுத்தும் நிரல்) வழியாக அனுப்புகிறது. உங்களுடையது சின்ன எஸ் ஆக இருக்க வேண்டும். வரியின் முதல் எழுத்து ஹேஷ் என்றால் குனு அசெம்பிளருக்கு அந்த வரி வெறும் குறிப்புரை. #இஃப், #எல்ஸ், #எண்டிஃப் மூன்றும் குறிப்புரையாகக் கரைந்து, நடுவில் உள்ளவை எல்லாம் உள்ளே வந்துவிட்டன. இரு பகுதியிலும் ஒரே லேபிள் இருந்திருந்தால் "ஏற்கெனவே வரையறுத்தது" என்ற பிழையாவது காப்பாற்றியிருக்கும்.

பெயரைப் பெரிய எஸ் ஆக்குங்கள். பெரிய, சின்ன எழுத்தைப் பிரித்தறியாத விண்டோஸ் வட்டில் வேலை செய்தால் எஸ்எக்ஸ் என்ற நீட்டிப்பு பாதுகாப்பானது. ஜிசிசி அதையும் முன்செயலிக்கு அனுப்பும். மைனஸ் பெரிய ஈ கொடுத்து ஓட்டினால் முன்செயலி விட்டுவைத்த வரிகளை அப்படியே பார்க்கலாம்.

ஹேஷ் வகையும் புள்ளி வகையும் ஒன்றையொன்று அறியாதவை. .செட் மூலம் வைத்த பெயர் #இஃப்புக்குத் தெரியாது; தெரியாத பெயரை அது 0 என எடுத்துக்கொண்டு வாய் திறக்காமல் போகும். மைனஸ் டபிள்யூஅன்டெஃப் கொடுத்தால் எச்சரிக்கும். மறுபக்கம், #டிஃபைன் டீபக் 1 என்று எழுதிவிட்டு .இஃப்டெஃப் டீபக் என்றால், அசெம்பிளரிடம் போய்ச் சேர்வது .இஃப்டெஃப் 1. கட்டளை வரியிலும் இதே பிரிவு: முன்செயலிக்கு மைனஸ் டி, அசெம்பிளருக்கு டெஃப்சிம்.

.இஃப்பில் லேபிள்களின் தூரத்தைச் சோதிக்கும்போது மாறிலி அல்லாத கோவை என்று பிழை வரலாம். நடுவில் உள்ள தாவல்களின் நீளம் அந்த வரியை எட்டும்போது இன்னும் தீர்மானமாகாததே காரணம். எக்ஸ்86-இல் இது அடிக்கடி வரும். 512 பைட் பூட் செக்டர் (கணினி தொடங்கும்போது வட்டில் முதலில் படிக்கும் பகுதி) எழுதுவோர் அளவைச் சோதிக்க .இஃப் தேட வேண்டாம். கடைசி 2 பைட் கையொப்பத்துக்கு முன்னால் .ஆர்க் 510 போடுங்கள். நிரல் நீண்டுவிட்டால் பின்னோக்கி நகர முடியாது என்று அசெம்பிளரே நிறுத்தும். நாஸ்மில் டைம்ஸ் வரி எதிர்மறை எண்ணைக் காட்டி இதே வேலையைச் செய்யும்.

கேள்வி: டாஸ்பாக்ஸில் பழைய மாஸ்ம் 5.1. சில சமயம் "ஃபேஸ் எரர்" வருகிறது. எந்தப் பாடத்திலும் விளக்கம் இல்லை.
– வேலூர்

அந்த அசெம்பிளர் உங்கள் ஃபைலை இரண்டு முறை படிக்கிறது. முதல் முறை லேபிள்களின் முகவரி, இரண்டாம் முறை குறிமுறை. 10-ஆம் வரியில் இஃப்டெஃப் கவுண்ட் என்று கேட்டு, கவுண்ட்டை 80-ஆம் வரியில் வரையறுத்தால், முதல் சுற்றில் "இல்லை", இரண்டாம் சுற்றில் "உண்டு". இரண்டாம் சுற்றில் அந்தப் பகுதி புதிதாக உள்ளே நுழைய, கீழே உள்ள லேபிள்கள் எல்லாம் நகர்ந்துவிடும். இரு சுற்றின் முகவரியும் ஒத்துப்போகாததைத்தான் ஃபேஸ் எரர் என்கிறது.

சேதி காட்டும் வரியில் தேடாதீர்கள். அது நகர்ந்த முதல் லேபிள் மட்டுமே. அதற்கு மேலே உள்ள நிபந்தனைகளைப் பாருங்கள். நிபந்தனையில் வரும் பெயர்களை எல்லாம் ஃபைலின் தலையில் வரையறுத்தால் இந்தப் பிழை தலைதூக்காது.

கேள்வி: வங்கி மெயின்ஃப்ரேமில் உள்ள பழைய அசெம்பிளி நிரல்களில் இஃப்பும் எண்டிஃப்பும் காணவில்லை. ஏஇஃப், ஏகோ என்று தாவிக்கொண்டே போகிறது.
– மென்பொருள் பணியாளர், சென்னை

ஐபிஎம் வழக்கம் அப்படி. அங்கே நிபந்தனை என்பது தொகுதி அல்ல, அசெம்பிளரே செய்யும் தாவல். ஏஇஃப் நிபந்தனையோடு தாவும், ஏகோ நிபந்தனையின்றித் தாவும், ஏநாப் தாவி இறங்க ஒரு படி. இறங்கும் இடத்தின் பெயர் புள்ளியில் தொடங்கும். அது இறுதி நிரலில் இராது. ஆம்பர்சண்ட் போட்ட பெயர்கள் அசெம்பிளி நேரத்து மாறிகள். பின்னோக்கியும் தாவலாம் என்பதால் முடிவில்லாச் சுழல் வரக்கூடும். அதைத் தடுக்க ஏசிடிஆர் என்ற எண்ணி, எதுவும் சொல்லாவிட்டால் 4096-இல் தொடங்கிக் குறையும். பெரிய அட்டவணையை உருவாக்கும் மேக்ரோ பாதியில் நின்றால் அதைப் பாருங்கள். வெளியிலிருந்து மதிப்பு தர சிஸ்பார்ம். தவறான சேர்க்கையைத் தடுக்க எம்நோட் 8. ஆனால் அது திரும்பும் குறியை 8 ஆக்குவதோடு சரி. அடுத்த லிங்க் படி அந்தக் குறியைப் பார்த்து நிற்கும்படி, வேலையின் படிகளை வரிசைப்படுத்தும் ஜேசிஎல்லில் நீங்கள்தான் எழுத வேண்டும்.

கேள்வி: ஈரோடு வாசகரைப்போலப் பல நிபந்தனைகளைச் சேர்த்துவிட்டோம். எதுவும் கெடவில்லை என்று எப்படி உறுதி செய்வது?
– பயிற்சி மைய ஆசிரியர், சேலம்

நிபந்தனை பொய்யான பகுதியை அசெம்பிளர் படித்துத் தள்ளுமே தவிர, சரிபார்க்காது. அதற்குள் இருக்கும் எழுத்துப்பிழை மாதக்கணக்கில் உறங்கும். ஆகவே ஒரு பேட்ச் ஃபைல் எழுதி எல்லாச் சேர்க்கையையும் ஒவ்வொரு முறையும் அசெம்பிள் செய்யுங்கள். இரண்டு விருப்பங்களுக்கு 4 முறை, மூன்றுக்கு 8. இன்றைய கணினியில் சில விநாடி வேலை. ஐந்தாறு விருப்பம் ஆனால், உண்மையில் விற்கும் பலகைகளுக்கான சேர்க்கைகளை மட்டும் பெயரிட்டு வைத்து, மற்றவற்றை எரர் டைரக்டிவால் மறுத்துவிடுங்கள்.

நிரலை ஒழுங்குபடுத்தும்போது வேறொரு சோதனையும் உண்டு. நிபந்தனைகளை இடம் மாற்றுவதற்கு முன் ஒவ்வொரு சேர்க்கையின் ஹெக்ஸ் ஃபைலையும் (சிப்பில் ஏற்றும் ஃபைல்) எடுத்து வையுங்கள். மாற்றிய பின் வருவதோடு ஒப்பிடுங்கள். விண்டோஸில் எஃப்சி, லினக்ஸில் சிஎம்பி என்ற கட்டளைகள் போதும். ஆப்ஜெக்ட் ஃபைல்களை ஒப்பிடாதீர்கள். சில வகைகளுக்குள் தேதி பதிந்திருக்கும், வீணாக வேறுபாடு காட்டும். இன்டெல் ஹெக்ஸில் தேதி இல்லை. ஒரு வரி வேறுபட்டால், அந்த வரியில் முக்காற்புள்ளிக்குப் பின் வரும் முதல் இரண்டு இலக்கம் பைட் எண்ணிக்கை, அடுத்த நான்கு முகவரி. அந்த முகவரியை லிஸ்டிங் ஃபைலில் தேடுங்கள். அதற்கு லிஸ்டிங்கில் பொய்யான பகுதிகளும் அச்சாக வேண்டும்: ஏ51-இல் காண்ட் கட்டுப்பாடு, மாஸ்ம் 6-இல் எம்எல் கட்டளையோடு சாய்கோடு எஸ்எக்ஸ். எந்தப் பகுதி உள்ளே வந்தது, எது வெளியே நின்றது என்பது முகவரி நெடுவரிசையிலேயே தெரிந்துவிடும்.